காற்றுக்கு ஒரு பாலிசி, தண்ணீருக்கு ஒரு பாலிசி: ஃபுளோரிடா கடலோரத்தில் வீட்டுக் காப்பீட்டை எப்படி ஒப்பிடுவது

டாம்பா பக்கம் வீடு வாங்கும் தம்பி ஒருவர் போன வாரம் எனக்கு இரண்டு கோட் (காப்பீட்டு விலைப்பட்டியல்) அனுப்பினார். இரண்டிலும் வீட்டைத் திரும்பக் கட்ட 4 லட்சம் டாலர் காப்பு. ஒன்றின் ஆண்டு பிரீமியம் 5,100 டாலர், மற்றது 3,700. "1,400 டாலர் வித்தியாசம் அக்கா, ரெண்டாவதையே எடுத்துடலாம்ல?" என்று கேட்டிருந்தார். வீடு வாங்கும் நேரத்தில் கையில் இருந்ததெல்லாம் முன்பணத்துக்கும் க்ளோசிங் (பத்திரம் முடிக்கும்) செலவுக்கும் போயிருக்கும். 1,400 டாலர் சின்னத் தொகை இல்லை.

ஆனால் அவர் அனுப்பியது முதல் பக்கம் மட்டும். முழுக் கோட்டையும் வாங்கி, இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டாவதில் புயலுக்கான டிடக்டிபிள் (காப்பீடு பணம் தருவதற்கு முன் நாம் ஏற்கும் தொகை) 5%, முதலாவதில் 2%. இரண்டாவதில் கூரைக்குத் தேய்மானம் கழித்துத்தான் பணம். கட்டட விதிகள் மாறியதால் வரும் கூடுதல் செலவுக்கான காப்பு இரண்டாவதில் இல்லை. குழாய் உடைந்து வரும் தண்ணீர்ச் சேதத்துக்கு இரண்டாவதில் 10,000 டாலர் உச்சவரம்பு. இரண்டிலுமே இல்லாத ஒன்றும் உண்டு: வெள்ளம்.

ஆக, விலையில் வேறுபட்ட ஒரே பொருளாக இவற்றைப் பார்க்கக் கூடாது; இவை வேறு வேறு பொருள்கள். புயல் போன மறுநாள் காலையில் நம் கையிலிருந்து எவ்வளவு போகும் என்பதைத்தான் ஒப்பிட வேண்டும். பிரீமியம் அந்தக் கணக்கில் ஒரு வரி மட்டுமே.

முதலில் தண்ணீர்

பெரும்பாலோர் வீட்டுக் காப்பீட்டைப் பேசி முடித்துவிட்டுக் கடைசியில் வெள்ளத்துக்கு வருவார்கள். நான் அதைத் திருப்பிப் போடச் சொல்வேன். ஹெச்ஓ-3 என்று சொல்லப்படும் வழக்கமான வீட்டு பாலிசி காற்றால் வரும் சேதத்தைப் பார்த்துக்கொள்ளும். கீழிருந்து ஏறி வரும் தண்ணீரைப் பார்க்காது. புயல் தள்ளிக்கொண்டு வரும் கடல்நீரும் காப்பீட்டு மொழியில் வெள்ளம்தான். "புயல்தானே தள்ளியது, அப்போது அது காற்றுச் சேதம்தானே" என்ற வாதத்தை 2005-ன் கேத்ரினா புயலுக்குப் பிறகு மிசிசிப்பியிலும் லூசியானாவிலும் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றங்களில் வாதாடிப் பார்த்துவிட்டார்கள். காற்றும் வெள்ளமும் சேர்ந்து ஒரு சேதத்தை உண்டாக்கினால் வீட்டு பாலிசி பணம் தராது என்று எழுதியிருக்கும் ஷரத்து இன்றும் பல பாலிசிகளில் இருக்கிறது.

2024 செப்டம்பர் 26 அன்று ஹெலீன் புயல் கரையேறியது டாம்பாவில் இல்லை. வெகு வடக்கே, பிக் பெண்ட் பகுதியில். ஆனாலும் டாம்பா வளைகுடாவைச் சுற்றி ஆயிரக்கணக்கான வீடுகளுக்குள் கடல்நீர் புகுந்தது. கூரையில் ஓர் ஓடுகூட நகராத வீடுகளில் சுவரின் ஜிப்சம் பலகையை நாலடி உயரத்துக்கு வெட்டி எடுத்துத் தெருவில் குவித்தார்கள். வெள்ள பாலிசி இல்லாதவருக்கு அந்தக் குவியலுக்காக வீட்டு பாலிசியிலிருந்து ஒரு டாலரும் வராது. ஒரே ஓர் அங்குலத் தண்ணீர் 25,000 டாலர் வரை சேதம் செய்யும் என்பது மத்திய அரசின் பேரிடர் அமைப்பான ஃபீமா சொல்லும் கணக்கு.

"எங்க வீடு எக்ஸ் ஜோன், வெள்ளக் காப்பீடு தேவையில்லைன்னு சொன்னாங்க" என்பார்கள். ஃபீமாவின் வெள்ள வரைபடத்தில் ஏ, வி என்று தொடங்கும் மண்டலங்களில் மார்ட்கேஜ் (வீட்டுக் கடன்) தருபவர் அதைக் கட்டாயமாக்குவார்; எக்ஸ் மண்டலத்தில் கட்டாயமில்லை. அவ்வளவுதான் அதன் பொருள். தண்ணீர் வராது என்று அந்த வரைபடம் வாக்குக் கொடுக்கவில்லை. கடலோர மாவட்டத்தில் வீடு வாங்குகிறவருக்கு என் பதில் ஒன்றுதான்: எந்த மண்டலமானாலும் எடுங்கள்.

எங்கே எடுப்பது என்பதில்தான் உண்மையான தேர்வு இருக்கிறது. மத்திய அரசின் தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டம் 1968-ல் வந்தது; ஃபீமா நடத்துகிறது, தனியார் நிறுவனங்கள் வழியாகவும் வாங்கலாம். கட்டடத்துக்கு அதிகபட்சம் 2.5 லட்சம் டாலர், வீட்டுச் சாமான்களுக்கு 1 லட்சம். சாமான் காப்பு தானாக வராது, தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும்; அதுவும் தேய்மானம் கழித்த மதிப்புக்குத்தான் கிடைக்கும். வீடு சரியாகும்வரை வெளியே தங்கும் வாடகைக்கு அதில் இடமே இல்லை. பாலிசி நடைமுறைக்கு வர 30 நாள் காத்திருக்க வேண்டும். வீட்டுக் கடன் வாங்கும் நேரத்தில் கடனுக்காக எடுத்தால் அந்தக் காத்திருப்பு கிடையாது.

தனியார் வெள்ள பாலிசியில் உச்சவரம்பு கூடுதல். பலவற்றில் தங்கும் செலவு உண்டு, காத்திருப்பும் குறைவு, சில வீடுகளுக்கு விலையும் குறைவு. இவ்வளவு நல்லது இருந்தும் நான் தயங்குவதற்குக் காரணம், ஒரு பெரிய புயலுக்குப் பிறகு அடுத்த ஆண்டு புதுப்பிக்க மாட்டோம் என்று கடிதம் போட அவர்களுக்கு வழி இருக்கிறது. அரசுத் திட்டம் இழப்பீடு கேட்டு கிளெய்ம் செய்ததற்காக உங்களை வெளியே தள்ளாது. அரசுத் திட்டத்தை விட்டுத் தனியாருக்குப் போய்த் திரும்பி வந்தால், பழைய சலுகை விலை போய்விடும். 2021-ல் தொடங்கிய புதிய விலைமுறையின் முழு விலையைக் கட்ட வேண்டியிருக்கும்.

இதனால்தான் வீடு வாங்குபவர்கள் விற்பவரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "உங்கள் வெள்ள பாலிசியை எங்கள் பெயருக்கு மாற்றித் தர முடியுமா?" அரசுத் திட்டப் பாலிசியை வாங்குபவர் பெயருக்கு மாற்றலாம். விற்பவர் சலுகை விலையில் இருந்தால் அந்த விலையிலிருந்தே நீங்களும் தொடங்கலாம். ஆண்டுக்கு 18%-க்கு மேல் ஏறாது என்ற வரம்பு சொந்தமாகக் குடியிருக்கும் பெரும்பாலான முதன்மை வீடுகளுக்கு உண்டு என்பதால், தொடக்க விலை குறைவாக இருப்பது பல ஆண்டுகளுக்குக் கைகொடுக்கும். ஏஜென்ட்கள் இதைத் தாமாகச் சொல்வது அபூர்வம்.

வீட்டைத் திரும்பக் கட்ட 2.5 லட்சத்துக்கு மேல் ஆகும் என்றால், அரசு பாலிசியை அடியில் வைத்து, அதற்கு மேல் வரும் தொகைக்குத் தனியார் பாலிசி ஒன்றைச் சேர்க்கலாம். எனக்குப் பிடித்த ஏற்பாடு அதுதான்.

டிடக்டிபிள்: சதவீதம் எதன் மீது?

இந்த ஊரில் வீடு வாங்கிய புதிதில் நானும் தவறாகத்தான் புரிந்துகொண்டிருந்தேன். 2% என்றால் சேதத்தில் 2% என்று நினைத்தேன். 10,000 டாலர் சேதத்துக்கு 200 டாலர், பரவாயில்லையே என்று. அது அப்படி இல்லை. வீட்டுக்கான மொத்தக் காப்புத் தொகையில் 2%. 4 லட்சம் டாலர் காப்பு என்றால் 8,000 டாலர் முதலில் நம் கையிலிருந்து. 5% என்றால் 20,000. கூரையின் ஒரு பக்கம் பெயர்ந்து 15,000 டாலர் செலவு வந்தால், 2% பாலிசியில் 7,000 டாலர் வரும். 5% பாலிசியில் ஒன்றும் வராது. தீ, திருட்டு, உடைந்த குழாய் இவற்றுக்கெல்லாம் வேறு டிடக்டிபிள், அது வழக்கமாக ஆயிரம் இரண்டாயிரம் டாலர் என்று நிலையான தொகையாக இருக்கும். புயலுக்கு மட்டும்தான் இந்தச் சதவீதம்.

இனி தம்பியின் 1,400 டாலருக்கு வருவோம். இரண்டு டிடக்டிபிளுக்கும் இடையே வித்தியாசம் 12,000 டாலர். 1,400-ஆல் வகுத்தால் எட்டரை ஆண்டு. எட்டரை ஆண்டுக்குள் ஒரு புயல் வீட்டைப் பெரிதாகச் சேதப்படுத்தாவிட்டால் 5% எடுத்தவர் கணக்கில் ஜெயித்துவிடுவார். ஒரு குறிப்பிட்ட வீட்டின் கூரையை எட்டு ஆண்டுக்கு ஒரு முறை புயல் பிய்ப்பதில்லை. எனவே 5% என்றாலே மோசம் என்று நான் சொல்லமாட்டேன். 20,000 டாலரைத் தொடாமல் சேமிப்பில் வைத்திருப்பவருக்கு அது நல்ல தேர்வுதான். முன்பணம் கட்டி வங்கிக் கணக்கைத் துடைத்து வைத்திருக்கும் குடும்பத்துக்கு அது சரிவராது. புயலுக்குப் பிறகு கூரைக்காரர்கள் முன்பணம் இல்லாமல் ஏணி வைக்க மாட்டார்கள். 20,000 டாலரை கிரெடிட் கார்டில் தேய்த்தால் மிச்சம் பிடித்ததெல்லாம் வட்டியிலேயே போய்விடும்.

ஃபுளோரிடாவில் இன்னொரு பாதுகாப்பு உண்டு. 2004-ல் சார்லி, ஃபிரான்சஸ், ஐவன், ஜீன் என்று சுமார் ஆறு வாரங்களில் நான்கு புயல்கள் வந்து, ஒவ்வொன்றுக்கும் தனியாக டிடக்டிபிள் கட்டி மக்கள் நொந்துபோனார்கள். அதன் பிறகு புயல் டிடக்டிபிள் ஒரு காலண்டர் ஆண்டுக்கு ஒரு முறைதான் என்று சட்டம் வந்தது. 2024-ல் இது மறுபடி முக்கியமானது: செப்டம்பர் 26 ஹெலீன், அக்டோபர் 9 மில்டன். 8,000 டாலர் டிடக்டிபிள் உள்ள ஒருவருக்கு முதல் புயலில் காற்றால் 3,000 டாலர் சேதம் என்று வைத்துக்கொள்வோம். பணம் வராது. ஆனால் அதைப் பதிவுசெய்து ரசீதுகளை வைத்திருந்தால், இரண்டாவது புயலுக்கு மீதி 5,000 மட்டும்தான் கழியும். "எப்படியும் பணம் வராது, எதுக்குச் சொல்லணும்" என்று முதல் சேதத்தைச் சொல்லாமல் விட்டவர் இரண்டாவதில் முழு 8,000-ஐயும் இழக்கக்கூடும். எனவே சின்னச் சேதத்தையும் ஃபோட்டோ எடுத்து எழுத்தில் தெரிவித்து வையுங்கள்.

கூரை

கடலோரத்தில் காப்பீட்டு நிறுவனம் முதலில் பார்ப்பது கூரையைத்தான். 2022 மே மாதச் சட்டத்தின்படி, 15 ஆண்டுக்குக் குறைந்த கூரையை வயதை மட்டும் காரணம் காட்டி மறுக்க முடியாது. அதைவிடப் பழையதானால், இன்னும் 5 ஆண்டு தாங்கும் என்று ஆய்வறிக்கை காட்டினால் வயதைச் சொல்லி மறுக்க முடியாது. கோட்களை ஒப்பிடும்போது தேட வேண்டிய வரி வேறு: கூரைக்கு முழு மாற்று விலையா, தேய்மானம் கழித்த விலையா? 12 ஆண்டு வயதான ஷிங்கிள் கூரைக்குத் தேய்மானம் கழித்தால் புதுக் கூரையின் விலையில் பாதிகூட வராமல் போகலாம். டிடக்டிபிள் வேறு அதிலிருந்து கழியும். தம்பியின் மலிவான கோட்டில் இருந்த இந்த ஒரு வரிதான் எனக்கு 5%-ஐவிட அதிகக் கவலை தந்தது.

இதே கூரை பிரீமியத்தைக் குறைக்கவும் செய்யும். காற்றுத் தடுப்பு ஆய்வு என்று ஒன்று செய்து, மாநிலத்தின் 1802 எண் படிவத்தை நிரப்பிக் கொடுத்தால் சட்டப்படி தள்ளுபடி உண்டு. அந்தப் படிவம் 5 ஆண்டுக்குச் செல்லும். எங்கள் வீட்டுக்கு முதலில் வந்த ஆய்வாளர் பரணில் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, கூரையின் மரச்சட்டம் சுவரோடு வெறும் சாய்வு ஆணியால் பிணைந்திருக்கிறது என்று எழுதிவிட்டுப் போனார். அதுதான் மிகக் குறைந்த தள்ளுபடி. எனக்கு மனம் ஒப்பவில்லை. அடுத்து வந்தவர் முகமூடி போட்டுக்கொண்டு ஓரம்வரை தவழ்ந்து போய், வெப்பத்தடுப்புப் பஞ்சை விலக்கி, டார்ச் அடித்துக் காட்டினார். மரச்சட்டத்தின் பக்கவாட்டில் துருப்பிடிக்காத இரும்புப் பட்டை, அதில் மூன்று ஆணிகள். மூன்றையும் அளவு நாடாவோடு சேர்த்துப் படம் எடுத்தார். பட்டைக்குக் குறைந்தது மூன்று ஆணி இருந்தால்தான் கிளிப் என்று ஏற்பார்கள். பட்டை மேலே சுற்றி மறுபக்கம் இறங்கி அங்கும் ஆணி இருந்தால் இன்னும் கூடுதல் தள்ளுபடி. நாலு பக்கமும் சரிந்த கூரைக்கும், எல்லாச் சன்னல் கதவுகளுக்கும் புயல் தடுப்பு இருப்பதற்கும் தனித்தனியாக உண்டு. மாநிலத்தின் மை சேஃப் ஃபுளோரிடா ஹோம் திட்டத்தில் இலவச ஆய்வும், தகுதியுள்ளவர்களுக்கு 10,000 டாலர் வரை மானியமும் தருகிறார்கள். நிதி ஒதுக்கப்பட்டிருக்கும்போது விண்ணப்பிக்க வேண்டும்.

கட்டட விதிக் காப்பைப் பற்றிச் சுருக்கமாக: 2002-க்கு முன் கட்டிய வீடு என்றால் அதை விடாதீர்கள். 1992-ல் ஆண்ட்ரூ புயல் மயாமிக்குத் தெற்கே பல பகுதிகளைத் தரைமட்டமாக்கிய பிறகு உருவான மாநிலக் கட்டட விதிகள் 2002-ல் நடைமுறைக்கு வந்தன. பழைய வீட்டைச் சரிசெய்யும்போது இன்றைய விதிப்படி கட்டச் சொல்வார்கள், அந்தக் கூடுதல் செலவைச் சாதாரணக் காப்பு முழுதாகத் தாங்காது. வீட்டுக் காப்பில் 25% அல்லது 50% என்று இதைக் கேட்டு வாங்கலாம்.

யாரிடம் எடுப்பது?

மூன்று வாசல்கள் உண்டு. மாநில உரிமம் பெற்ற தனியார் நிறுவனம், அரசு உருவாக்கிய சிட்டிசன்ஸ், அப்புறம் மாநில விலைக் கட்டுப்பாட்டுக்கு வெளியே இயங்கும் சர்ப்ளஸ் லைன்ஸ் நிறுவனங்கள்.

சிட்டிசன்ஸ் என்றாலே சிலர் முகம் சுளிப்பார்கள், வேறு யாரும் எடுக்காத வீடு என்பதுபோல. 2002-ல் இரண்டு பழைய அமைப்புகளை இணைத்து உருவானது அது. 2023-ல் 14 லட்சத்துக்கு அருகில் பாலிசிகள் அதனிடம் இருந்தன. முதன்மை வீட்டுக்கு ஆண்டு விலையேற்றத்துக்கு வரம்பு உண்டு, புயலில் திவாலாகிக் காணாமல் போகாது. குறைகளும் உண்டு. ஒப்பிடத்தக்க காப்பை ஒரு தனியார் நிறுவனம் சிட்டிசன்ஸ் விலைக்கு மேல் 20%-க்குள் தந்தால் நீங்கள் அங்கே போயாக வேண்டும். வெள்ள பாலிசியையும் படிப்படியாகக் கட்டாயமாக்கி வருகிறார்கள்: வெள்ள அபாய மண்டல வீடுகளுக்கு 2023-லேயே வந்துவிட்டது; மற்ற இடங்களில் 2024-ல் 6 லட்சம் டாலரும் அதற்கு மேலும் உள்ள வீடுகளில் தொடங்கி, 2027-ல் வீட்டின் மதிப்பு எதுவானாலும் தேவை, காண்டோ எனப்படும் அடுக்குமாடி வீடுகள் போன்ற சிலவற்றுக்கு விலக்கு. பெரும்புயலுக்குப் பின் நிதி போதாவிட்டால் கூடுதல் கட்டணம் முதலில் விழுவது சிட்டிசன்ஸ் வாடிக்கையாளர் தலையில்தான்.

உரிமம் பெற்ற தனியார் நிறுவனங்களில் தேசிய அளவில் பெயர் பெற்றவை இங்கே குறைவு. பெரும்பாலும் ஃபுளோரிடாவில் மட்டும் இயங்கும் நிறுவனங்கள். 2022-ல் மட்டும் பல நிறுவனங்கள் திவாலாயின. அப்படி நேர்ந்தால் மாநில உத்தரவாதச் சங்கம் ஒரு கிளெய்முக்கு 3 லட்சம் டாலர், வீட்டுக்கும் சாமானுக்கும் மேலும் 2 லட்சம் என்று பொறுப்பேற்கும். 6 லட்சம் டாலர் காப்புள்ள வீடு என்றால் இந்த வரம்பை மனதில் வையுங்கள். அந்த ஆண்டு டிசம்பரில் வந்த சட்டம் நிறுவனங்களுக்குச் சாதகமானதுதான்: வழக்கில் ஜெயித்தால் வக்கீல் செலவை நிறுவனம் தரவேண்டும் என்ற பழைய விதி போய்விட்டது. புதிய கிளெய்முக்குக் கெடு ஓராண்டு. அதே சட்டம் 60 நாளுக்குள் பணம் தரவோ மறுக்கவோ வேண்டும் என்றும் நிறுவனத்தைக் கட்டுப்படுத்துகிறது.

சர்ப்ளஸ் லைன்ஸுக்கு மாநில உத்தரவாதம் கிடையாது. டிடக்டிபிள் ஆண்டுக்கு ஒரு முறை என்ற பாதுகாப்பும் அதில் இல்லாமல் போகலாம், பாலிசியில் எழுதியிருப்பதுதான் விதி. மற்ற இரண்டு வாசலும் மூடிய பிறகே அதைத் தட்டுங்கள். தண்ணீரோரம் இருக்கும் விலையுயர்ந்த வீட்டுக்குச் சில நேரம் அது ஒன்றுதான் திறந்திருக்கும், அப்போது வேறு வழியில்லை.

டெக்சஸ் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இந்த ஏற்பாடு வேறு. அங்கே 14 கடலோர மாவட்டங்களிலும் ஹாரிஸ் மாவட்டத்தின் ஒரு பகுதியிலும், காற்றுக்கு 1971-ல் உருவான டெக்சஸ் விண்ட்ஸ்டார்ம் சங்கத்திடம் தனி பாலிசி எடுப்பவர்கள் பலர். வீட்டுக்கு ஒன்று, காற்றுக்கு ஒன்று, வெள்ளத்துக்கு ஒன்று. மூன்றையும் கூட்டிப் பார்க்காமல் கால்வெஸ்டனில் வீட்டின் விலையை மட்டும் பார்த்து மகிழ வேண்டாம்.

கடைசியாக ஒரு நாள் கணக்கு. புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. புயல் ஒன்று கரையை நெருங்கத் தொடங்கியதும் நிறுவனங்கள் புதிய பாலிசி எழுதுவதை நிறுத்திவிடும். செப்டம்பரில் க்ளோசிங் என்றால் பாலிசி அதற்கு ஓரிரு வாரம் முன்பே உறுதியாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் கடன் தருபவர் கையெழுத்துப் போட மாட்டார், சாமான் ஏற்றிய லாரி வாசலில் நிற்கும்.

தம்பியிடம் இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லவில்லை. இரண்டாவது நிறுவனத்திடம் 2% டிடக்டிபிள், கூரைக்கு முழு மாற்று விலை, 25% கட்டட விதிக் காப்பு, தண்ணீர்ச் சேத உச்சவரம்பு வேண்டாம் என்று கேட்டு மறுபடி கோட் வாங்கச் சொன்னேன். 4,850 டாலர் வந்தது. 1,400 ஆக இருந்த வித்தியாசம் 250 ஆகிவிட்டது. அவர் முதலாவதையே எடுத்திருக்கிறார். விற்பவரின் வெள்ள பாலிசியைப் பெயர் மாற்றித் தரக் கேட்டிருக்கிறார். விற்பவர் தரப்பு ஏஜென்டிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. க்ளோசிங்குக்குப் பன்னிரண்டு நாள் இருக்கிறது. திங்கட்கிழமை காலை மறுபடி கூப்பிடுவதாகச் சொன்னார்.